குழந்தை சிரிக்கும்வரை மொண்ணை முனைதான்

அம்பு முனைகளைப் பற்றி யசிலுவுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. இதை அவனேதான் சொல்லுவான். கேட்காதவர்களுக்கும் சொல்லுவான். பிரெஞ்சு அரசாங்கம் அவனை எங்கள் ஊர்க் கப்பித்தான், அதாவது ஊர்த்தலைவன் ஆக்கி, தங்க நூல் வைத்த தொப்பியும் பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டும் கொடுத்த பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். கோட்டு இந்தப் புழுக்கத்துக்கு ஆகாது. ஆகவே தொப்பியை மட்டும் மாட்டிக்கொண்டு, இடுப்பில் எங்கள் சிவப்புக் கோவணத்தோடு வேட்டைக்குப் போவான். மேலே பார்த்தால் பிரான்சு, கீழே பார்த்தால் எங்கள் வயாம்பி இனம். நடுவில் இருந்த தொப்பை இரண்டு தரப்புக்கும் பொது.

அவன் என் தங்கை மோயுவாவின் புருஷன். அவளுக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. இது மூன்றாவது, ஆண். பிறந்து பத்தொன்பது நாள். தொப்புள் காய்ந்து விழுந்துவிட்டது, சிரிப்பு இன்னும் வரவில்லை. இந்த இடைப்பட்ட காலத்தில் குழந்தையின் உடம்பு மட்டும்தான் வீட்டில் கிடக்கும். நிழல் அப்பன் பின்னாலேயே போகும். அவன் காட்டுக்குப் போனால் அதுவும் போகும். ஓடை வந்தால் அது தாண்டுவதற்கு இரண்டு குச்சி வைத்து விரல் அகலத்துக்கு ஒரு பாலம் போடவேண்டும். பாதை பிரிந்தால், போகாத பாதையின் குறுக்கே ஓர் இலையை வைத்து அடைக்கவேண்டும். வில்லில் பூட்டுவது மொண்ணை அம்பு மட்டும். முனையில் கட்டையைக் குமிழாகச் செதுக்கிக் கட்டியது. பறவையைத் தட்டி விழவைக்கும், துளைக்காது. குறி தப்பினாலும் மரத்தில் குத்திக்கொண்டு நிற்காமல் கீழே வந்து விழும். தப்பித் தவறி நிழல் மேல் பட்டாலும் ஒரு வீக்கத்தோடு போகும். கூர்முனை பட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் யாரும் முழுதாகச் சொல்லி முடிப்பதில்லை.

யசிலுவுக்கு இதெல்லாம் தெரியும். ஊர்க்கூட்டத்தில் இதைப் பற்றி அரைநாள் பேசியவனே அவன்தான். கூடவே காயென் பட்டணத்திலிருந்து வாங்கிவந்த ஒரு டப்பாவும் வைத்திருந்தான். பதினெட்டாம் நாள் சாயங்காலம் நான் படகின் விரிசலுக்குப் பிசின் பூசிக்கொண்டிருந்தபோது அதைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே திறந்தான்.

"பாத்தியா மச்சான்? உருக்கு முனை. மூணு அலகு. திருகினா நிக்கும்."

"எதுக்கு? தண்ணிப் பன்னி வேட்டைக்கா?"

"எல்லாத்துக்கும்தான். ஒரே முனை, எல்லா மிருகத்துக்கும். நீங்க எல்லாரும் குருவிக்கு ஒண்ணு, குரங்குக்கு ஒண்ணுன்னு விறகுக்கட்டு மாதிரி தூக்கிட்டு அலையறீங்க."

"குருவியில இத விட்டா இறக்கைதான் மிஞ்சும். அத சூப்பு வெச்சுக் குடிப்பியா?"

"முன்னேத்தம்னா உனக்குச் சிரிப்பா இருக்கு."

"உன் மகன் சிரிக்கட்டும், அப்பறம் நான் சிரிக்கறேன். அதுவரைக்கும் டப்பாவ மூடு."

மூடினான். மூடுகிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.

மறுநாள் காலையில் அவன் காட்டுக்குப் போனான். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் மோயுவா என்னைக் கூப்பிட்டாள். குரலில் அவசரம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தை அவள் மடியில் கிடந்தது. கண் திறந்திருந்தது. மார்பை வாயில் வைத்தால் பால் ஓரமாக வழிந்தது.

"கொஞ்ச நேரம் முந்தி கட்டெறும்பு கடிச்சுது அண்ணே. காதுல. பாரு, எப்படி வீங்கியிருக்கு." அவள் காதை மடக்கிக் காட்டினாள். "அழவே இல்ல."

நான் குழந்தையின் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டினேன். பார்வை விரலைத் தாண்டி, என்னைத் தாண்டி, காட்டுப் பக்கமாகவே இருந்தது.

யசிலு வேட்டை எதுவும் இல்லாமல் வந்தான். தொப்பி நேராக இருந்தது. வந்ததும் வராததுமாகக் காற்றின் திசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

"எத்தன அம்பு கொண்டுபோனீங்க?" என்றாள் மோயுவா.

"ஆறு."

"கையில அஞ்சுதான் இருக்கு."

"ஒண்ணு... அங்க..."

"அந்த ஒண்ணு என்ன முனை?"

"அது வந்து மோயு, முனைன்னு எடுத்துக்கிட்டா..."

"யோவ்! என்ன முனை?"

அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "ஒரு கொம்புக்கோழி. நாப்பதடி தூரத்துல நின்னுது. நகரவே இல்ல. என்னையே பாத்துட்டு நின்னுது. மொண்ணைய விட்டேன், பக்கத்துல விழுந்துது. அப்பவும் நகரல. யாரா இருந்தாலும் கோவம் வருமா வராதா? ஒரே ஒரு தரம்தான்."

"பட்டுச்சா?"

"தெரியல. அம்பு போன சத்தம் கேட்டுது. எங்கயும் போய்க் குத்தின சத்தம் கேக்கல. திரும்பக் கெடச்சது மொண்ணை மட்டும்தான்."

கொம்புக்கோழி என்று நாங்கள் சொல்லும் பறவைக்கு வாயில் பெரிதாகக் குரல் கிடையாது. அது வயிற்றுக்குள்ளிருந்து முனகும், வாயை மூடிக்கொண்டு தாலாட்டுகிற மாதிரி.

"பாலம் போட்டீங்களா?"

"மொத ஓடையில போட்டேன். மோயு, நான் ஒரு கப்பித்தான். ஓடைக்கு ஓடை குனிஞ்சு குச்சி பொறுக்கிட்டு..."

அவள் திட்டவில்லை. குழந்தையைச் சுமக்கும் பருத்தித் தூளியை எடுத்து, அதில் தன் பாலைப் பீய்ச்சித் தேய்த்து, அவன் தோளில் குறுக்காக மாட்டினாள். "போய்க் கூட்டிட்டு வாங்க," என்றாள். என்னைப் பார்த்து, "நீ பின்னால போ அண்ணே," என்றாள்.

பின்னால் போகிறவனுக்கு ஒரு வேலை உண்டு. நிழல் தாண்டி வந்ததும் பாலத்தைப் பிரித்துவிடவேண்டும். இல்லாவிட்டால் அதே பாலத்தில் வேறு யாராவது தாண்டி வருவார்கள். காட்டில் பிள்ளை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் பெயர் வைத்ததில்லை. வைத்தால் கூப்பிட்டது போலாகிவிடும்.

மரவள்ளித் தோட்டத்தைத் தாண்டினால் முதல் ஓடை. இரண்டாவது ஓடை வரைக்கும் யசிலு பேசிக்கொண்டே வந்தான். அங்கே நின்றான்.

ஓடையின் மேல் ஒரு பாலம் இருந்தது. விரல் அகலம். பட்டை உரித்த வெள்ளைக் குச்சிகள். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேறு. முடிச்சுகள் கடுகு அளவு. அந்த அளவுக்கு முடிச்சுப் போடும் விரல்களை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் ஆசையில்லை. அரசாங்கம் எங்களுக்குக் கட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பாலத்தைவிட நிச்சயமாக நன்றாக இருந்தது.

"நான் போடல மச்சான்," என்றான் யசிலு.

"தெரியும். உனக்கு இவ்வளவு வேலை வராது."

"நீ?"

"நான் படகுல கெடந்தேன்."

"அப்ப யாரு?"

"கப்பித்தான் நீதானே? யார் யார் உன் ஊருல இருக்காங்கன்னு உனக்குத் தெரியவேணாமா?"

பாலம் குழந்தையின் நிழலைக் காட்டுக்குள் கூட்டிப்போகத்தான் போடப்பட்டிருந்தது. சற்றுத் தள்ளிப் பாதை பிரியும் இடத்தில் ஓர் இலை கிடந்தது. அடைத்திருந்தது நாங்கள் வந்த பாதையை, வீட்டுக்குப் போகும் பாதையை. இலை அப்போதுதான் பறித்தது. காம்பில் பால் வடிந்துகொண்டிருந்தது.

இன்னும் மூன்று ஓடைகள். மூன்றிலும் பாலம். ஒன்றைவிட ஒன்று அழகு. பகல் இன்னும் நிறைய மிச்சமிருந்தும், மரங்களுக்குக் கீழே வெளிச்சம் பழைய துணி நிறத்துக்கு மாறிவிட்டது. யசிலு இப்போது பேசவில்லை. மூச்சு மட்டும்தான் விட்டுக்கொண்டிருந்தான், அதையும் அனுமதி கேட்டு விடுவது போல.

கடைசியில் அந்த முனகல் கேட்டது.

கொம்புக்கோழி ஒரு பெரிய மரத்தின் வேர் இடுக்கில் நின்றது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. அதன் காலடியில் சருகுகள் தாமாகவே அமுங்குவதும் எழும்புவதுமாக இருந்தன, கையளவு உடம்பு ஒன்று அங்கே புரண்டு விளையாடுவது போல. மரத்தின் மேல் யசிலுவின் அம்பு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எய்த அம்பு அப்படிச் சாயாது. யாரோ வைத்தது. உருக்கு முனை இல்லை. அந்த இடத்தில் மொண்ணைக் குமிழ் ஒன்று, பருத்தி நூலால் சுற்றி, பிசின் பூசி, தேய்த்து வழவழப்பாக்கிக் கட்டப்பட்டிருந்தது. குஞ்சு இருக்கும் இடத்தில் எந்த முனை வேண்டும் என்று அந்தக் காட்டில் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

யசிலு தொண்டையைச் செருமினான். "இந்த ஊர்க் கப்பித்தான்ங்கற முறையில..." என்று ஆரம்பித்தான்.

முனகல் நின்றது. பூச்சிகளும் நின்றன. சருகு அசைவதும் நின்றது.

"மச்சான்," என்றேன், உதடு அசையாமல். "தொப்பியக் கழட்டு."

கழற்றினான். பிறகு வில்லைக் கீழே வைத்தான். பிறகு, அந்தத் தொப்பையோடு, கைகளையும் ஊன்றி மண்டியிட்டான். சத்தமாகப் பேசியே பழகிய அவன் குரல் இவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"டேய் தம்பி... அப்பா வந்திருக்கேன்டா. தப்புப் பண்ணிட்டேன்டா. அம்மா அங்க ஒக்காந்திருக்காடா. வாடா போலாம்."

பறவை அவனைப் பார்த்தது. அவன் வாயை மூடிக்கொண்டு, வயிற்றுக்குள்ளிருந்து முனக ஆரம்பித்தான். ராகமும் இல்லை, ஒன்றுமில்லை. கேட்கவே கர்ணகடூரம். நான் சிரிக்கவில்லை. சருகு ஓரிடத்தில் அமுங்கியது, அடுத்து அதற்கு இந்தப் பக்கம், அடுத்து இன்னும் இந்தப் பக்கம். அவன் தோளில் தட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்த தூளி, அடிப்பக்கம் மெல்லக் கனத்துத் தொய்ந்தது.

அவன் எழுந்து, ஒரு கையால் தூளியைத் தாங்கிக்கொண்டு நடந்தான். ஒவ்வோர் ஓடையிலும் அந்த அழகான பாலத்தைத் தொடாமல், பக்கத்தில் தானே குனிந்து குச்சி பொறுக்கி ஒரு கோணல் பாலம் போட்டான். தூளி இருந்தும் போட்டான். நான் இரண்டையும் பிரித்துப் போட்டபடி பின்னால் வந்தேன். எனக்குப் பின்னால் முனகல் வந்தது. நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

வீடு கண்ணுக்குத் தெரியும் முதல் ஓடையில், முனகல் என் பிடரிக்கு வந்துவிட்டது. ஈரமான மூச்சு ஒன்று பட்டது போலிருந்தது. ஊரில் எல்லாருடைய பயத்தையும் கிண்டல் செய்கிற நான், யசிலு அக்கரையில் சரியாகக் கால் ஊன்றுவதற்குள் பாலத்தை எட்டி உதைத்துவிட்டு ஓடினேன்.

மோயுவா தூளியை வாங்கிக் குழந்தையின் மேல் போர்த்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அது கண்ணை மூடி, முகத்தைச் சுருக்கி, மத்தியானம் கடித்த எறும்புக்காக இப்போது வீறிட்டு அழுதது. மார்பைக் கவ்வியது. குடித்தது. யசிலு தரையில் உட்கார்ந்து அதையே பார்த்தான்.

"முழுசா வந்துட்டானா?"

அவள் தலையைத் தடவினாள், வயிற்றைத் தடவினாள், காலுக்குப் போனாள். கை நின்றது.

"இடது கால் மட்டும் சில்லுனு இருக்கு."

நானும் தொட்டுப் பார்த்தேன். ஆற்றுக் கல் மாதிரி இருந்தது.

"மச்சான்," என்றேன். "கடைசிப் பாலத்த... நான் அவசரப்பட்டுட்டேன்."

எவ்வளவு வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். அவனுக்கு அதற்கு உரிமை இருந்தது. அவன் எழுந்து, தூளியை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு, வில் இல்லாமல், தொப்பி இல்லாமல் இறங்கிப் போனான். வீட்டிலிருந்து பார்த்தோம். ஓடைக்கு இந்தக் கரையிலேயே குனிந்து குச்சி தேடிக்கொண்டிருந்தான். ஒன்றை எடுப்பான், வளைந்திருக்கிறது என்று போடுவான், இன்னொன்றை எடுப்பான்.

அவன் முதல் குச்சியைக்கூட வைக்கவில்லை. "அண்ணே, தொட்டுப் பாரு," என்றாள் மோயுவா.

கால் கதகதவென்றிருந்தது. விரல்கள் விரிந்து மூடின.

எங்கள் வீட்டுக்கு ஏறப் படி வெட்டிய மரக்கட்டையில், மேல் படியில், ஓடைத் தண்ணீரின் ஈரம் இருந்தது, ஆள் யாரும் தெரியவில்லை. மோயுவா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பினாள். வீடு தேடி வந்தவர்களுக்குச் சொல்கிற அதே மரியாதையோடு, "வந்துட்டீங்களா?" என்றாள்.

பதில் வருவதற்குள் நான் ஓடையைப் பார்த்து, "மச்சான், வா, வா, வீட்டுக்கு வா!" என்று தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தேன்.