பள்ளிக்கூடம் செய்த சீர்

உசிலம்பட்டிக்கு மேற்கே, மழையை நம்பிச் சோளமும் குதிரைவாலியும் விதைக்கிற கரட்டுக்காட்டில் இருக்கிறது எருக்கலம்பட்டி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் அந்த ஊருக்கு ஒரு யோகம் அடித்தது. ஜில்லா போர்டு அங்கே பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தது. ஓடு வேய்ந்த கட்டடம், முன்னால் தாழ்வாரம், பின்னால் கிணறு, வாசலில் வெண்கல மணி. அதுவரை பள்ளிக்கூடம் என்றால் புளியமரத்தடியில் ஒரு கீற்றுக்கொட்டகைதான். மழை பெய்தால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மழை பெய்யாத நாட்களில் ஆடு மேய்க்கப் போய்விடுவார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியர் கண்ணுச்சாமி. உதவி ஆசிரியரும் அவரே. சொந்த ஊர் சோழவந்தான். வைகைத் தண்ணீரைக் குடித்து, வெற்றிலைக் கொடிக்கால் நிழலில் வளர்ந்த உடம்பு. இந்தக் காட்டுக்கு மாற்றலாகி வந்த புதிதில், தான் என்ன பாவம் செய்தோம் என்று தினமும் யோசித்தவர், சுவர் எழும்ப எழும்ப யோசிப்பதை விட்டுவிட்டார். கொத்தனாருக்குப் பக்கத்தில் நின்று செங்கல் எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு ஊரோடு ஒட்டிக்கொண்டார்.

கட்டடம் முடிந்த அன்று உள்ளே போய் நின்று பார்த்தபோதுதான் அவருக்குச் சொரேர் என்றது. போர்டு சுவரைக் கொடுத்திருந்தது, ஓட்டைக் கொடுத்திருந்தது. உட்காரப் பலகை இல்லை. மணி பார்க்கக் கடிகாரம் இல்லை. பிள்ளைகள் தண்ணீர் குடிக்க ஒரு குடம்கூட இல்லை. ஊரில் பெரிய தலைக்கட்டான பேயாண்டியிடம் போய்ப் புலம்பினார்.

பேயாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இதற்கா இவ்வளவு வருத்தம் என்று கேட்டார். பள்ளிக்கூடம் நம் ஊருக்குப் பிறந்த பிள்ளை. பிள்ளைக்கு முதல் விசேஷம் வருகிறது. தாய்மாமன்கள் சீர் கொண்டுவர மாட்டார்களா? இதுதான் அவர் சொன்ன கணக்கு. யார் தாய்மாமன் என்பதில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை வந்தது. கடைசியில் இரண்டு தெருவும் மாமன்தான் என்று தீர்ப்பாகி, இரண்டு மேளம் சொல்லிவிட்டார்கள்.

திறப்பு விழாவன்று வந்த சீரை எருக்கலம்பட்டி அதற்குமுன் கண்டதில்லை. முன்னால் மேளம், பின்னால் தலைமேல் தாம்பாளத்தோடு பெண்கள். மாலை போட்ட பலகைகளை ஆண்கள் தோளில் சுமந்து வந்தார்கள். மதுரையில் வாங்கிய சுவர்க் கடிகாரம் மஞ்சள் குங்குமத்தோடு வந்தது. பேயாண்டி தன் பங்குக்கு ஒரு பூகோள உருண்டையைத் தாம்பாளத்தில் வைத்து, வாழைப்பழம் தேங்காய் புடைசூழ அனுப்பியிருந்தார். ஒருவர் கிடாய் கொடுத்தார். கூலி வேலைக்குப் போகிற தங்கப்பொண்ணு, புருஷன் இல்லாதவள், தண்ணீர்க் குடம் ஒன்றைப் பளபளவென்று விளக்கித் தன் தலையிலேயே தூக்கி வந்தாள். கண்ணுச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பேயாண்டி அவர் தலையில் மரியாதைத் தலைப்பாகையாக உருமா கட்டினார். வாத்தியாரும் சிரித்தபடி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

அதுதான் அவர் செய்த தப்பு. ஆற்றோரத்து மனிதர் அதை நன்கொடை என்று நினைத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் சீர் வாங்கித் தலையில் உருமாவும் கட்டிக்கொண்டால், கொடுத்தவர் வீட்டு நல்லது கெட்டதுக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும். அதற்குப் பெயர் செய்முறை. செய்யத் தவறியவன் முகத்தில் ஊர் முழிக்காது.

அடுத்த மாதம் தங்கப்பொண்ணு தாம்பூலத் தட்டோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். மகனுக்குக் காதுகுத்து, வந்துவிட வேண்டும் என்றாள். கண்ணுச்சாமி வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு, ஒரு தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் போய் நின்றார். அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. பந்தலில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"நான் பள்ளிக்கூடத்துக்குத்தானய்யா கொடம் தூக்கிட்டு வந்தேன். நீங்க வந்திருக்கீக, சந்தோசம். பள்ளிக்கூடம் எங்க?"

கூழோ கஞ்சியோ குடித்துவிட்டு அந்தக் குடத்தை அவள் வாங்கியிருக்கிறாள் என்பது வாத்தியாருக்குத் தெரியும். விறுவிறுவென்று பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி நடந்தார். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக வரிசை கட்டினார். மேளம் இல்லாததால் வெண்கல மணியைக் கழற்றி ஒருவன் கையில் கொடுத்தார். சீராக எடுத்துப்போகப் பள்ளிக்கூடத்தில் என்ன இருக்கிறது? பூகோள உருண்டையைத் தாம்பாளத்தில் வைத்து, பந்தலிலிருந்து அவர் பின்னாலேயே ஓடிவந்திருந்த, தங்கப்பொண்ணின் மகளும் நான்காம் வகுப்பில் முதல் ஆளுமான அன்னக்கொடியின் தலையில் ஏற்றினார். மணி அடிக்க, பிள்ளைகள் வாய்ப்பாடு பாட, பள்ளிக்கூடம் காதுகுத்துக்குப் போயிற்று. தங்கப்பொண்ணு வாசலுக்கு ஓடிவந்து ஆலத்தி எடுத்தாள். விருந்து முடிந்ததும் உருண்டையை மட்டும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பிறகென்ன, பள்ளிக்கூடம் வராத விசேஷம் விசேஷமே இல்லை என்றாகிவிட்டது. வளைகாப்போ, புதுவீடோ, பேர் வைப்போ, மணிச்சத்தம் கேட்டால்தான் வீட்டுக்காரனுக்குச் சோறு இறங்கும். சீர்வரிசையில் வருகிற பிள்ளைகளுக்கு முதல் பந்தி என்பதால், பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காத பிள்ளைகள் எல்லாம் பேர் கொடுக்க வந்தார்கள். தாம்பாளம் சுமப்பது பெண்பிள்ளைகள் வேலை. அதனால் பெண்பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். விசேஷ நாளில் விட்டுப்போன பாடத்தைக் கண்ணுச்சாமி ஞாயிற்றுக்கிழமை நடத்தினார். உட்கார இடம் போதாமல் ஒரு வகுப்பு தாழ்வாரத்துக்கு நகர்ந்தது. ஜில்லாவில் வேறெந்தப் பள்ளிக்கூடமும் அந்த வருஷம் அப்படி வளரவில்லை. அதற்குக் காரணம் என்ன என்று போர்டிலிருந்து கேட்டபோது கண்ணுச்சாமி, பெற்றோரின் ஒத்துழைப்பு என்று எழுதிவிட்டு, வியர்த்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

இவ்வளவு இருந்தும் அவருக்கு ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு நின்றது. ஐந்தாம் வகுப்புக்கு உசிலம்பட்டி வரை பொட்டல்காட்டில் நடக்க வேண்டும். பையன்களே போவதில்லை, அன்னக்கொடியை யார் அனுப்புவார்கள்? தங்கப்பொண்ணு ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டாள். உள்ளூரில் ஐந்தாம் வகுப்பு வந்தால் படிக்கட்டும், இல்லையென்றால் சித்திரைக்குப் பிறகு தன்னோடு களையெடுக்க வரட்டும் என்றாள். அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. கண்ணுச்சாமி ஐந்தாம் வகுப்பு கேட்டு எழுதிப் போட்டிருந்தார். டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி என்றால் கிடைக்கும். அந்தப் பிள்ளை வெயிலில் களைக்கொட்டோடு குனிந்து நிற்கிற காட்சி நினைவுக்கு வரும்போதெல்லாம் அவர் வாசலுக்கு வந்து தபால்காரர் வருகிறாரா என்று பார்த்தார்.

டெபுடி இன்ஸ்பெக்டர் சிஹாபுதீன் மதுரைப் பழைய நகரத்துக்காரர். துருக்கித் தொப்பி, கஞ்சி போட்ட கோட்டு, சிரிப்புக்குக் கடுமையான பஞ்சம். முன்னறிவிப்பு இல்லாமல் போய் நிற்பது அவர் வழக்கம். அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை உசிலம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டுவண்டி பிடித்து, எலும்பு கழன்றுபோக எருக்கலம்பட்டிக்கு வந்து சேர்ந்தார்.

பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. உள்ளே கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. தாழ்வாரத்தில் கட்டியிருந்த கிடாய் அவரை ஏற இறங்கப் பார்த்தது. அவருக்கு உச்சந்தலை கொதித்தது. தூரத்தில் மணிச்சத்தம் கேட்க, அந்தத் திசையில் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

அன்றைக்குப் பேயாண்டியின் பேரனுக்குக் காதுகுத்து. ஊர் எல்லையில் கோயில் மரத்தடியில் பந்தல். கண்ணுச்சாமி உருமா கட்டிய தலையோடு முன்னால் நடக்க, பிள்ளைகள் நீளமாக அணிவகுத்து வர, நடுவே அன்னக்கொடி தலையில் உலகத்தைச் சுமந்துகொண்டு வந்தாள். எதிரே வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய துருக்கித் தொப்பியைக் கண்டதும் வாத்தியார் மணி அடிக்கிறவனைக் கையமர்த்தினார்.

"இன்றைக்கு வேலை நாள்தானே?" என்று கேட்டார் சிஹாபுதீன்.

"ஆமாங்கய்யா."

"பள்ளிக்கூடம் எங்கே?"

கண்ணுச்சாமி திரும்பிப் பார்த்தார். "இதுதாங்கய்யா பள்ளிக்கூடம்" என்றார்.

சிஹாபுதீன் வாயைத் திறப்பதற்குள் பேயாண்டி ஓடிவந்துவிட்டார். வந்திருப்பவர் வாத்தியாருக்கும் மேலே என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். சீர் கொண்டுவருகிற வாத்தியார் மாமன் என்றால், அவருக்கும் மேலே இருப்பவர் பெரிய மாமன். பெரிய மாமனை வெயிலில் நிறுத்துவதா? இரண்டு பேர் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் அழைத்துப்போக, ஒருவர் சந்தனம் பூச, புது உருமாவைத் துருக்கித் தொப்பிக்கு மேலேயே பேயாண்டி இறுக்கிக் கட்டிவிட்டார். தொப்பிக் குஞ்சம் மட்டும் உருமாவுக்கு வெளியே தொங்கி ஆடியது. பழைய நகரத்துக் குடும்பத்து மனிதர் அவர். ஒரு வீட்டு விசேஷத்தில் கொடுக்கிற மரியாதையைத் தட்டிவிடுவதற்குக் கை வரவில்லை. அந்தக் கோலத்தில் கோபத்தைக் காப்பாற்றுவதும் சிரமமாக இருந்தது.

உட்கார்ந்த இடத்திலேயே சோதனையை ஆரம்பித்தார். வாய்ப்பாடு கேட்டார். அதைத்தான் பிள்ளைகள் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு திரிந்தார்களே, பந்தல் அதிரச் சொன்னார்கள். பிறகு உருண்டையைப் பார்த்தார். மதுரை இருக்க வேண்டிய இடத்தில் குங்குமம் அப்பியிருந்தது. இது என்ன என்றார். அன்னக்கொடி கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னாள்.

"நம்ம ஊருய்யா. எல்லா விசேசத்துலயும் பொட்டு வைப்பாக. கண்ட எடத்துல வச்சா உலகம் அழிஞ்சு போகும்னு வாத்தியாரு நம்ம ஊருல மட்டும் வைக்கச் சொன்னாரு. அது இப்பக் கொழும்பு வரைக்கும் போயிருச்சு."

சிஹாபுதீனின் மீசை துடித்தது. சிரிப்பா கோபமா என்று கண்ணுச்சாமியால் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபம்தான் போலிருக்கிறது. பிள்ளைகள் நன்றாகத்தான் படிக்கிறார்கள், ஆனால் வேலை நாளில் பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததைத் தான் எழுதாமல் இருக்க முடியாது, எழுதினால் ஐந்தாம் வகுப்புக்கு வழியில்லை, வாத்தியாருக்கும் இந்த ஊரில் வேலை இருக்காது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கண்ணுச்சாமி உருமாவை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். தன் வேலை போவது அவருக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அன்னக்கொடியின் பக்கம் மட்டும் திரும்ப முடியவில்லை.

பந்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு செம்பைக் கீழே வைத்தாள். தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு நேரே சிஹாபுதீனிடம் வந்தாள்.

"அண்ணே, எங்க ஊரு உருமாவக் கட்டிக்கிட்டீக. இனி எங்க வீட்டுக்கு நீங்க செய்யணும், அதான் மொற. நான் ஆடு கேக்கல, பண்டம் பாத்திரம் கேக்கல. எம்மகளுக்கு அஞ்சாப்பு செய்யுங்க."

சிஹாபுதீனின் கை உருமாவுக்குப் போனது. அதை அவிழ்த்துத் தட்டில் வைத்துவிட்டால் ஒரு வம்பும் இல்லை. கொஞ்ச நேரம் அந்தக் கை அங்கேயே இருந்தது. பிறகு கீழே இறங்கி, தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டது.

"வாத்தியாரே, உள்ளூர் விசேஷத்துக்குத் தலைமை ஆசிரியர் விடுமுறை விடலாம் என்று ஒரு விதி இருக்கிறது. தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா."

"இன்றைக்குத் தெரிந்துகொள்ளுங்கள். நான் வந்தது விடுமுறை நாளில். விடுமுறை நாளிலும் பள்ளிக்கூடம் முழுக்க ஆஜராகியிருந்தது என்று எழுதுகிறேன்."

கண்ணுச்சாமி அழுதுவிட்டார். வெட்கப்படவில்லை, எல்லோரும் பார்க்கத்தான் அழுதார்.

ஆனியில் ஐந்தாம் வகுப்பு வந்தது. அன்னக்கொடி முதல் பலகையில் உட்கார்ந்தாள். தை மாதம் மதுரையிலிருந்து கண்ணுச்சாமிக்குத் தபாலில் ஓர் அழைப்பு வந்தது. சிஹாபுதீனின் மகள் சாதிகாவுக்கு நிக்காஹ். ஒரு பேச்சுக்கு அனுப்பிய அழைப்புதான். முன்பென்றால் வாத்தியார் ஒரு தேங்காயோடு தனியாகப் போயிருப்பார். இப்போது அவர் எருக்கலம்பட்டிக்காரர்.

பழைய நகரத்துச் சந்தில் மணிச்சத்தம் கேட்டு மாடிக்கு மாடி ஜன்னல்கள் திறந்தன. இரண்டிரண்டு பேராகப் பிள்ளைகள், பின்னால் பேயாண்டி, தங்கப்பொண்ணு, மாலை போட்ட கிடாய். நடுவே அன்னக்கொடியின் தலையில் உருண்டை. குங்குமத்தைத் துடைத்துவிட்டுச் சந்தனம் மட்டும் வைத்திருந்தார் கண்ணுச்சாமி. சிஹாபுதீன் வாசலுக்கு வந்து அப்படியே நின்றார். கிடாயைப் பார்த்தார், உருண்டையைப் பார்த்தார், அதற்குக் கீழே பளிச்சென்று இருந்த அன்னக்கொடியின் முகத்தைப் பார்த்தார்.

"வாத்தியாரே, இதை நான் வாங்கிக்கொண்டால்..." என்றார்.

"ஆறாம் வகுப்புங்கய்யா" என்றார் கண்ணுச்சாமி.

சிஹாபுதீன் திரும்பிக் கல்யாண வீட்டைப் பார்த்தார். சம்பந்தி வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பேயாண்டி உருமா கட்டத் தோதாகத் தலையைக் குனிந்தார்.