அப்பா கழற்றிய இரண்டு ரெசிஸ்டர்கள்

என் அப்பா சபாபதி மஞ்சக்குப்பத்தில் வயர்மேன். லோ வோல்டேஜ் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. புவனகிரிப் பக்கம் கோடைக்குக் கோடை மோட்டார் காயில் கருகியதைப் பார்த்துப் பார்த்து, வோல்டேஜ் குறைகிறது என்று யார் சொன்னாலும் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்துவிடுவார்.

என் இறுதியாண்டு ப்ராஜெக்ட், தொட்டி நிரம்பினால் தானே நிற்கும் மோட்டார். தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சார் ஐந்து வோல்ட்டில் பேசும். அதைக் கேட்கும் போர்டு மூன்று புள்ளி மூன்றுக்கு மேல் தாங்காது. அதனால் நடுவில் இரண்டு ரெசிஸ்டர்களைச் சொருகி வோல்டேஜைக் குறைத்திருந்தேன். ரெவ்யூ அன்று காலை நான் குளித்து வருவதற்குள் அப்பா அதில் மீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

சிதம்பரத்தில் காலேஜுக்குப் போய் ஓட்டிப் பார்த்தால், போர்டு தொட்டால் சுட்டது, உயிர் இல்லை. ரெசிஸ்டர்களைக் காணோம். சென்சார் ஒயர் நேராகப் போர்டுக்குள் போயிருந்தது. யார் வேலை என்று கேட்கவா வேண்டும்? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இதில் தேறாவிட்டால் ஓசூரில் கிடைத்த வேலை போச்சு.

கூடப் படிக்கும் சுவேதா தன்னிடமிருந்த உபரி போர்டைக் கொடுத்தாள். ரெசிஸ்டருக்கு எங்கே போவது? லேப் ஸ்டோர் பதினொன்றுக்குத்தான் திறக்கும். என் முறை பத்தரைக்கு.

"மொதல்ல சாப்புடுடி. அழுவுறதுக்காவது தெம்பு வேணாமா?" என்று என் டிபன் பையை அவளே பிரித்தாள். இட்லி டப்பாவின் மேல் ஒரு தீப்பெட்டி இருந்தது.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். யார் வீட்டில் வேலை செய்தாலும், கழற்றிய பழைய ஸ்க்ரூவைக்கூடத் தீப்பெட்டியில் போட்டு வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் படி இறங்குவார். நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. திறந்தேன். இரண்டு ரெசிஸ்டர்களும் உள்ளே சமர்த்தாகப் படுத்திருந்தன.

பத்து நாற்பதுக்கு, தொட்டிக்குப் பதிலாக வைத்த வாளி நிரம்பியது, குட்டி மோட்டார் தானே நின்றது. "ம்" என்பதற்கு மேல் பேசாத, மார்க் போட வந்த ஞானசேகரன் சார் "குட்" என்றார்.

திட்டித் தீர்க்கவென்றே ஸ்பீக்கரில் அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஓடுச்சாம்மா? வோல்டேஜு பத்தாம கெடந்துச்சு. ரெண்டு பொடி சாமான் குறுக்க மறிச்சிக்கிட்டு நின்னுச்சு. எடுத்துட்டு நேரா குடுத்துட்டேன். கண்ணு முழிச்சி செஞ்ச புள்ள, அசதியில தப்பா மாட்டிடுச்சேன்னு மனசு கேக்கல."

"ஓடுச்சுப்பா. நீங்க குடுத்தனுப்புனதாலதான் ஓடுச்சு," என்றேன். அதில் பொய்யே இல்லை.

"பாத்தியா! அந்தப் பொண்ணு சுவேதாவோடதயும் சாயங்காலம் எடுத்தாரச் சொல்லு. அதயும் சரி பண்ணித் தரேன்."

சுவேதா தன் ப்ராஜெக்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.