ஒரு சுரம் கீழே

அறையில் இருந்தவர்கள்: எல்லோரும் சி அமோர் என்று மரியாதையாகக் கூப்பிடும் இசையமைப்புத் துறைத் தலைவர், என்னோடு ஒரே பெஞ்சில் படித்து இப்போது விரிவுரையாளராகிவிட்ட யோஸ்ரா, கிளாரினெட் வாசிக்கும் சிஹாம், ஊத் என்ற நரம்பு வாத்தியம் மீட்டும் பெச்சிர், கதவருகே சாவிக்கொத்தோடு காவலர் மப்ரூக், பிறகு, இரவு முழுக்கக் கண்மூடாத நான்.

ஷிப்ட் முடிந்து நேராக மெட்ரோ பிடித்து வந்திருந்தேன். பிரான்சிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு இன்டர்நெட் ஏன் வரவில்லை என்று விடியும்வரை பதில் சொல்வது என் வேலை. அங்கே என் பெயர் ஜூலியன். பெச்சிருக்கு இது தெரியும். நான் நுழைந்ததும், "வாங்க மிஸ்யே ஜூலியன், ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பாத்தீங்களா?" என்றான். சிஹாம் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

இசையமைப்புப் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டேன். அப்பாவின் டாக்ஸி நின்றுபோனது, வீட்டில் சம்பாதிக்க ஆள் வேண்டியிருந்தது. வேறு கதை இல்லை. படிப்பை விட்டவன் திரும்பி வர ஒரு வழி உண்டு. எழுதிய ஒன்றைத் துறை முன்னால் வாசிக்கவைக்க வேண்டும். பிடித்திருந்தால் அன்றைக்கே அவனை ஒரு பியானோவோடு அறையில் வைத்துப் பூட்டுவார்கள். கையில் கொடுத்த சில சுரங்களை வைத்து மாலைக்குள் ஒரு படைப்பை எழுதி முடிக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வழக்கம். பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். என் பழைய மாணவர் பதிவு இந்த ஆண்டோடு காலாவதி. அதற்குப் பிறகு நான் நிரந்தரமாக ஜூலியன்தான்.

வாசித்தார்கள். ஊத் ஒரு சுரத்தில் தங்கி நிற்க, கிளாரினெட் மெல்ல வந்து அதோடு சேர வேண்டும். சேரவில்லை. ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழையப் பார்க்கும் இரண்டு பேர் மாதிரி தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. இரண்டாம் வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கிளாரினெட்டில் தாளில் இருப்பதைவிட ஒரு முழு சுரம் கீழேதான் ஒலி வரும். அதனால் எழுதும்போதே ஒரு சுரம் ஏற்றி எழுத வேண்டும். முதல் ஆண்டின் முதல் மாதத்தில் சொல்லித்தருவது. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே, ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டு சிஹாமின் தாளைப் பிரதி எடுத்தபோது ஏற்ற மறந்திருக்கிறேன்.

சிஹாமுக்கும் அது உடனே தெரிந்திருக்கும். ஆனால் முதல் வாசிப்பில் தாளில் உள்ளதை அப்படியே வாசிப்பதுதான் எங்கள் மரியாதை. அதுவும் புது இசை. எழுதியவன் இந்த மோதலைத்தான் கேட்டானோ என்னவோ, யார் கண்டது? தப்புக்கும் துணிச்சலுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு அறை நிறையப் படித்தவர்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்க எங்கள் துறையில் மட்டும்தான் முடியும்.

முடிந்தபோது சி அமோர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. யோஸ்ரா பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மொந்தர், இது நீ வேணும்னே எழுதினதா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அவள் எனக்குக் கதவைத் திறந்துபிடித்திருந்தாள். பொய் சொல்வது எனக்குப் புதிதல்ல, சம்பளமே அதற்குத்தான். ஆனால் இதற்கு ஆமாம் என்றால், இனி நான் எழுதும் எதையும் யோஸ்ரா நம்பமாட்டாள், நானும் நம்பமாட்டேன்.

"இல்ல. கிளாரினெட்ட ஏத்தி எழுத மறந்துட்டேன்."

பெச்சிர் சிரிப்பை அடக்க ஊத்தின் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சிஹாம் சிரிக்கவில்லை. கிளாரினெட் முனையிலுள்ள ரீடை நாக்கில் நனைத்துக்கொண்டு, நானே ஏத்தி வாசிக்கிறேன் என்றாள். எழுதியது ஒன்று, விரல் போவது வேறொன்று என்று ஒரு பக்கம் முழுக்கப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது லேசான வேலையில்லை. யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளுக்கு இதில் மார்க்கும் இல்லை. ஒரு பிசிறில்லாமல் வாசித்தாள்.

இப்போது கிளாரினெட் வந்தது, ஊத்தோடு சேர்ந்தது, எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் லைனில் காத்திருப்பவர்களுக்குப் போடும் இசையைப் போல இருந்தது.

நான்தான் சொன்னேன், "மொதல்ல வாசிச்சதுதான் நல்லா இருந்துச்சு."

"அப்போ நான் யாருக்குப்பா மார்க் போடறது? உனக்கா, உன் மறதிக்கா?" என்றார் சி அமோர்.

யோஸ்ரா அவர் பக்கம் திரும்பினாள். "தப்பா வாசிச்சப்பவும் மூஞ்சியச் சுளிச்சான், சரியா வாசிச்சப்பவும் சுளிச்சான். நான் பாத்துட்டேதான் இருந்தேன் சார். காது இருக்கு. மிச்சத்த உள்ள உக்காந்து எழுதட்டும்."

அவர் கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு துண்டுத் தாளை எடுத்து நான்கு சுரங்களைக் கிறுக்கி என்னிடம் நீட்டினார். கிளாரினெட், ஊத், இரண்டு மட்டும் போதும் என்றார். இந்தத் தடவை எந்தத் தப்பு செய்தாலும் தெரிந்து செய் என்றார்.

மாடியில் கடைசி அறை. மப்ரூக் முன்னால் நடந்தார். சிஹாம் பின்னால் ஓடிவந்து, தான் சாப்பிட வாங்கியிருந்த டூனா சாண்ட்விச்சைக் காகிதத்தோடு என் கையில் திணித்தாள். ஹரிஸ்ஸா மிளகாய் விழுது கசிந்து, கையிலிருந்த சுரத் தாளின் மூலை சிவந்தது.

"தூங்கித் தொலைக்காதடா" என்றாள். நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

வீட்டில் எனக்கு அறை கிடையாது. பகலில் நான் தூங்கும் கட்டிலில் அண்ணன் பிள்ளைகள் ஏறிக் குதிப்பார்கள். வேலையிடத்தில் என் குரல்கூட என்னுடையதில்லை. இங்கே ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, மூடி திறந்த ஒரு பியானோ. மாலைவரை யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். மாலையில் என்ன தேறுமோ தெரியாது. ஆனாலும் இதை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சாண்ட்விச்சை ஜன்னல் கட்டையில் வைத்தேன். மப்ரூக் வாசலில் நின்று, தண்ணி வேணுமா தம்பி என்றார். வேண்டாம் என்றேன். கதவை இழுத்துச் சாத்தினார். வெளியே சாவி இரண்டு தடவை திரும்பியது.