அரைமணிப் பேச்சு

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் பெண்கள் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். கப்பலூரில் எண்ணெய் பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனி அது. பிளாஸ்டிக் குருணை மூடைகளை அடுக்கிவைத்திருந்த அந்தக் கொட்டகையில்தான் அவர்களுக்குச் சாப்பாடு. தமிழ்வாணி டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. செல்போனை ஒரு மூடையின் மேல் சாய்த்துவைத்து, சிவப்புப் புள்ளியைத் தொட்டாள்.

"ஓடுது. ஆரம்பிங்க" என்றாள்.

முனீஸ்வரி தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன கதையைச் சொன்னாள். வேறொருத்தி இடையில் புகுந்து சிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. திரும்ப மணி அடித்தபோது தமிழ்வாணி போனை நிறுத்திவிட்டு, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மிஷினுக்குப் போனாள்.

மூடிகளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை பிளேடால் சீவி எடுப்பது அவள் வேலை. விளாங்குடியிலிருந்து கம்பெனி வேனில் வரும்போதும் போகும்போதும் காதில் இயர்போனை மாட்டி எதையாவது கேட்டுக்கொண்டே வருவாள். சினிமா பற்றிப் பேசினார்கள், பங்குச் சந்தை பற்றிப் பேசினார்கள், ராஜாக்கள் கதை சொன்னார்கள். பேசுகிற யாரும் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்களாகத் தெரியவில்லை. கொட்டகையில் நாங்கள் பேசுவது இதைவிடச் சுவாரஸ்யமாகத்தானே இருக்கிறது என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. பேச்சைப் பதிந்து போனிலிருந்தே இணையத்தில் எப்படி ஏற்றுவது என்பதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். 'அரைமணிப் பேச்சு' என்று பேர் வைத்தாள். ஆள் பேரையோ கம்பெனி பேரையோ யாரும் சொல்லக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே பேசிவைத்துக்கொண்டார்கள்.

கேட்டது பெரும்பாலும் பேசியவர்கள்தான். பிறகு அவர்களுடைய தங்கச்சிகள், மதினிகள். ஒருநாள் சிவகாசியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தாள். நீங்க பேசுறது எங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கு, ஆனா இரைச்சல்ல பாதி புரியலக்கா என்று. அந்தப் பாதி தமிழ்வாணியை உறுத்தியது. தான் ஏற்றியதையெல்லாம் அன்று சாயங்காலம் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தாள். கம்ப்ரசர்தான் பேசியது. பெண்கள் எங்கோ தூரத்தில் முனகினார்கள்.

தமிழ்வாணியின் தெருமுனையில் இம்மானுவேல் மைக் செட் கடை வைத்திருந்தார். காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். அவரிடம் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பேச்சை முழுசாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் கழற்றினார்.

"இந்த இரைச்சலப் பெறகு எடுக்க முடியாதும்மா. எடுத்தா ஆளுக கொரலும் கூடவே போயிரும். சத்தமில்லாத எடமாப் பாத்து எடுக்கணும். ஒவ்வொருத்தராப் பேசணும். மைக்கு வாய்கிட்ட இருக்கணும்."

கல்யாண மண்டபத்தில் பேசப் பயன்படுத்துகிற பழைய மைக் ஒன்றையும், அதைப் போனில் சொருகுகிற வயரையும், தன் ஹெட்போனையும் கொடுத்தார். வாடகை கேட்கவில்லை. அடுத்த பேச்சு வந்ததும் தனக்கு அனுப்பச் சொன்னார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்வாணியின் வீட்டில் வைத்துப் பேசினார்கள். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டாள். மின்விசிறியை நிறுத்தினாள். குக்கரை அடுப்பிலிருந்து இறக்கினாள். திண்டுக்கல் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தால் பேச்சை நிறுத்தி, அது போன பிறகு தொடர்ந்தார்கள். வியர்வையில் ஜாக்கெட் நனைந்து ஒட்டும். அவள் புருஷன் சிவபாண்டி மினி லாரி ஓட்டுகிறவன். இருக்கிற ஒரு லீவு நாளில் வீட்டுக்குள் படுக்க முடியவில்லை என்று முதல் இரண்டு வாரம் முணுமுணுத்தான். மூன்றாவது வாரம் அவனே டீ போட்டுக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே கேட்டுவிடக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

தமிழ்வாணிக்கு மெல்ல மெல்லச் சில விஷயங்கள் பிடிபட்டன. வணக்கம் சொல்லி, நன்றி சொல்லி நீட்டுவதைக் கேட்கிறவர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அதை வெட்டினாள். ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அவளுக்கு அதுதான் பெரும்பாடாக இருந்தது. எதிரில் இருப்பவள் பேச்சை நிறுத்தினால் உடனே எதையாவது சொல்லி நிரப்பிவிடத் தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கப் பழகினாள். அப்படிக் காத்திருந்தால்தான் அவர்கள் சொல்ல நினைக்காததையும் சொன்னார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்கள் கேட்கத் தொடங்கினார்கள். நூல் மில்லில் இருப்பவர்கள், துணிக்கடையில் நிற்பவர்கள் எல்லாம் குரலில் பதில் அனுப்பினார்கள். வேனில் அவள் அதைப் போட்டுக்காட்டும்போது முன் சீட்டுக்காரர்களும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள்.

ராமக்காள் பேச வந்தது அந்தச் சமயத்தில்தான். நாகமலை புதுக்கோட்டையில் வேன் ஏறுகிறவள். ஐம்பதை நெருங்கிய வயசு. கம்பெனி ஆள் இல்லை, சின்னச்சாமி என்கிற காண்டிராக்டர் மூலம் வந்தவள். கனத்த குரல் அவளுக்கு. வார்த்தை முடிகிற இடத்தில் அது கீறல் விழுந்து இரண்டாய்ப் பிரியும். சிரித்தால் மூச்சை உள்ளே இழுத்துச் சிரிப்பாள். அன்று மைக்கைப் பார்த்துக் கொஞ்சம் கூசினாள். கக்கூஸ் கதையைச் சொல்லலாமா என்று கேட்டாள். சொல்லுங்கக்கா என்றாள் தமிழ்வாணி.

"சாவி சூப்பர்வைசரு மேசைக்குள்ள கெடக்கும். போயி முன்னால நிக்கணும். எதுக்கு நிக்கிறேன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் 'என்னம்மா'ம்பாரு. 'சாவி சார்'னு வாயால சொல்லணும். என் மகன் வயசு அவருக்கு. ரெண்டாவது தடவ போனா 'இப்பத்தான போனீங்க'ம்பாரு. அதுக்குப் பெறகு நான் தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டேன். கெளம்பையில ஒரு காப்பி. அம்புட்டுத்தான். அடிவயித்தப் பிடிச்சு இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டரம்மா திட்டுது. 'தண்ணி குடிக்க ஒனக்கு என்னம்மா நோவு'ங்குது. என்னத்தச் சொல்ல? தண்ணி இருக்கும்மா, சாவிதான் இல்லன்னா சொல்ல முடியும்?"

சொல்லிவிட்டு மூச்சை உள்ளே இழுத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். மைக்கில் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. தமிழ்வாணி அதை வெட்டாமல் அப்படியே விட்டாள். இதுவரை எடுத்ததிலேயே இதுதான் சுத்தம் என்றார் இம்மானுவேல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார்.

அந்தப் பேச்சு ஓடிய ஓட்டத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. யாரோ சாவிக் கதையை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் விட்டிருந்தார்கள். அடுத்த வாரத்துக்குள் கப்பலூர் டீக்கடையில்கூட அது ஒலித்தது. எங்க கம்பெனியிலயும் இதே கதைதான் என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் எழுதினார்கள். தமிழ்வாணி பிசிறு சீவிக்கொண்டே அவற்றை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் சூப்பர்வைசர் செல்வக்குமார் அவளைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலையில் நாகமலை புதுக்கோட்டை நிறுத்தத்தில் ராமக்காள் கூடையோடு நின்றிருந்தாள். வேனைப் பார்த்ததும் கையைக் காட்டினாள். வேன் வேகத்தைக் குறைக்கவில்லை. ஜன்னலோரம் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள்.

"நிறுத்த வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றார் டிரைவர், ரோட்டைப் பார்த்தபடி. "என்னையக் கேட்டு என்ன செய்ய?"

தமிழ்வாணி திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ராமக்காள் கையை இறக்காமல் கொஞ்ச தூரம் வேனுக்குப் பின்னால் நடந்து வந்தாள். பிறகு நின்று, கூடையைத் தரையில் வைத்தாள்.

பத்து மணி வாக்கில் தமிழ்வாணியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஹெச்.ஆர். விக்ரம் சின்ன வயசுக்காரர், மென்மையாகப் பேசுகிறவர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் தன் போனைத் தட்டியதும் அந்தப் பதிவில் ராமக்காள் பேசினாள். அந்தச் சிரிப்பு முடியும்வரை ஓடவிட்டுப் பிறகு நிறுத்தினார்.

"பேரு சொல்லலதான். ஆனா இம்புட்டுத் தெளிவா இருக்கு. யாருன்னு தெரியாதா?"

கொட்டகை இரைச்சலில் எடுத்த பேச்சுகளில் தமிழ்வாணியாலேயே சில குரல்களை அடையாளம் பிடிக்க முடிந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது.

விக்ரம் அவள்மேல் கோபப்படவில்லை. பாராட்டவே செய்தார். திறமை இருக்கிறது, அதைக் கம்பெனிக்குப் பயன்படுத்தலாமே என்றார். பாதுகாப்பு பற்றி, பெண்கள் முன்னேற்றம் பற்றி மாசம் ஒரு நிகழ்ச்சி செய்யலாம், நல்ல மைக்கும் ஏசி ரூமும் தரலாம், பிளேடு வேலையிலிருந்தும் எடுத்துவிடலாம் என்றார். அந்த ஒரு பேச்சை மட்டும் நீக்கிவிட வேண்டும். ராமக்காளை ஏன் நிறுத்தினீர்கள் என்று அவள் கேட்டதற்கு, அது காண்டிராக்டர் விஷயம், கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்றார். யோசித்துச் சொல்லச் சொன்னார்.

சாயங்காலம் தமிழ்வாணி நாகமலை புதுக்கோட்டையிலேயே வேனைவிட்டு இறங்கினாள். ராமக்காள் வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார இடம் விட்டு நகர்ந்தாள். சின்னச்சாமி போனை எடுக்கவில்லையாம். கப்பலூர் தொழிற்பேட்டையில் இன்னும் இரண்டு கம்பெனி வாசலில் போய்க் கேட்டாளாம். அங்கேயும் ஆள் விடுவது அவர்தானாம்.

தமிழ்வாணி கீரைக் காம்புகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். இன்று ராத்திரியே அதை நீக்கிவிடுகிறேன், நீக்கினால் ஒருவேளை திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள், நானே போய்க் கேட்கிறேன் என்றாள்.

ராமக்காள் கீரையை முறத்தில் உதறினாள்.

"எத்தன பேரு கேட்டாகன்னு சொன்ன?"

தமிழ்வாணி சொன்னாள்.

"அம்புட்டுப் பேரா" என்றாள் ராமக்காள். காம்புகளை ஒதுக்கிக்கொண்டே, "அது கெடக்கட்டும், அழிக்காத. வேல போனது போயிருச்சு. அதையும் அழிச்சுட்டா நான் என்னத்துக்குப் பேசுனேன்?" என்றாள்.

மறுநாள் ஆபீசில் தமிழ்வாணி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"பேசுனவுங்க எடுக்க வேணாங்கிறாங்க சார். நானா எப்படி எடுக்குறது?"

விக்ரம் தலையாட்டினார். சரி, உங்கள் விருப்பம் என்றார்.

அந்த வாரமே செல்வக்குமாரின் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து, கழிப்பறைச் சாவியை அதில் மாட்டினார்கள். யாரையும் கேட்காமல் எடுத்துப் போய்விட்டு வந்து திரும்ப மாட்டலாம். முதல் நாள் பெண்கள் சாவியைத் தொடவே தயங்கினார்கள். முனீஸ்வரிதான் முதலில் எடுத்தாள். அதே வாரத்தில் தமிழ்வாணியை அரவை ஷெட்டுக்கு மாற்றி உத்தரவு வந்தது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. அங்கே ஆள் பற்றாக்குறை என்றார்கள்.

அரவை ஷெட் காம்பவுண்டின் கடைசியில் தனியாக இருந்தது. கழித்துப் போட்ட மூடிகளையும் பிளாஸ்டிக் குச்சிகளையும் மிஷின் வாயில் கொட்ட வேண்டும். உள்ளே இருக்கும் கத்திகள் அவற்றைத் திரும்பக் குருணையாக்கும். தகரக் கூரையும் தகரச் சுவரும் அந்தச் சத்தத்தை வெளியே விடாமல் வைத்துக்கொண்டன. அங்கே ஏற்கெனவே இருந்தவள் அன்னக்கொடி. அவள் பேசுவதில்லை. கையைக் காட்டுவாள். மூடையைக் கொண்டு வா, போதும், தண்ணி குடிச்சிட்டு வாரேன், எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கை. காதுக்கு ஏதாவது தருவார்களா என்று தமிழ்வாணி சைகையிலேயே கேட்டாள். அன்னக்கொடி முந்தானையிலிருந்து நூலை உருவிச் சுருட்டிக் கொடுத்தாள். முதல் வாரம் வீட்டுக்கு வந்த பிறகும் தலைக்குள் மிஷின் ஓடியது. பிறகு அது ஓடுவதே தெரியாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை அவள் விடவில்லை. கேட்கிறவர்கள் கூடிக்கொண்டேதான் இருந்தார்கள். சில மாசம் கழித்து, மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு காலை, ராமக்காள் மறுபடியும் பேச வந்தாள். பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கும் வேலை கிடைத்திருந்தது. வேலை போன பிறகு நடந்ததையெல்லாம் சொல்கிறேன் என்றாள். மைக்குக்குப் புதிதாக ஒரு ஸ்டாண்டு செய்து எடுத்துவந்திருந்த இம்மானுவேலும் சுவரோரம் அமைதியாக உட்கார்ந்துகொண்டார். தமிழ்வாணி கம்பளியை இழுத்துவிட்டு, ஹெட்போனை மாட்டி, போனைத் தொட்டாள்.

ராமக்காள் ஆரம்பித்தாள். தமிழ்வாணி முகத்தைச் சுருக்கிக்கொண்டு கையை உயர்த்தினாள்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுக்கா."

ராமக்காள் குரலை உயர்த்தி, முதலிலிருந்து சொன்னாள். தமிழ்வாணி போனில் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி, ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்தினாள். திரும்பவும் கையை உயர்த்தினாள்.

"இன்னுங் கொஞ்சம்."

ராமக்காள் இம்மானுவேலைப் பார்த்தாள். வயரில்தான் கோளாறு இருக்கும் என்று அவர் எழுந்து வந்தார். சொருகியிருந்த இடத்தை ஆட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் குடும்மா என்று தமிழ்வாணியின் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் மாட்டி, ராமக்காளைப் பேசும்படி சைகை காட்டினார்.

அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். இம்மானுவேல் சூடு பட்டவர்போல ஹெட்போனைப் பிடுங்கி மடியில் போட்டார். மடியில் கிடந்த ஹெட்போனிலிருந்து ராமக்காளின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது.

"கேக்குதாண்ணே?" என்றாள் தமிழ்வாணி.