வலது கைக் கூடு

அத்தர் கடைக்காரர் பொய்ச் சத்தியம் செய்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து எல்லோரும் செருப்புத் தேடும் நேரத்தில், அவருடைய வலது கையில் தேனீக்கள் கூடு கட்டின. பள்ளிவாசலில் வேதத்தின் மேல் கையை வைத்து, "அல்லாஹ் மேல ஆணையா, வாப்பா வீட்டை எனக்கு மட்டும்தான் குடுத்தாங்க" என்று சொல்லி எடுத்த கை அது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அப்பிக்கொண்டன. ஒன்றுகூடக் கொட்டவில்லை. கொட்டியிருந்தால் ஐயோ பாவம் என்று சொல்ல நாலு பேராவது கிடைத்திருப்பார்கள்.

அந்த வீட்டில் பாதி தம்பியுடையது. தம்பி தையல்காரர். ஊருக்கு உண்மை தெரியும், தேனீக்களுக்கும் தெரியும். ஆனால் சத்தியம் செய்தவர் அதே இடத்தில் நின்று தம் வாயால் மறுத்தாலொழிய தீர்ப்பு மாறாது என்று ஜமாஅத் கைவிரித்துவிட்டது. தம்பி தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு, மனைவியோடும் மகளோடும் எதிர்ச்சந்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குக் குடிபோனார். போகும்போது அண்ணன் வாசலில் காறித் துப்பினார்.

தேனீயைக் கொல்லக்கூடாது என்பது நபிகள் சொன்னது. ஆகவே மருந்தடிக்க யாரும் வரவில்லை. புகை போட்டார்கள், போயின, பொழுது சாய்வதற்குள் திரும்பின. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது மட்டும் மரியாதையாக எழுந்து தலைக்கு மேல் சுற்றிவிட்டு, கை காய்ந்ததும் உட்காரும். "சுத்தமான இடத்துலதான் உக்காரும்பாங்க. இங்க ஏன் உக்காந்துச்சுன்னு எனக்கே வெளங்கல" என்றார் தொழவைக்கும் அஜரத், அத்தர் கடைக்காரர் காதுபடவே. அத்தர் கடைக்காரர் இடது கையால் சாப்பிட்டார். அவரோடு ஒரே தட்டில் கைவைக்க மனைவிகூட மறுத்தாள்.

ஆறாம் மாதம் தேன் வடிந்தது. தேனில் மனிதருக்கு மருந்து உண்டு என்று வேதமே சொன்ன பிறகு வெட்கம் எதற்கு? முகத்தில் முழிக்காதவர்களெல்லாம் கிண்ணத்தோடு வந்தார்கள். பாங்கு சொல்லும் மோதினாருக்கு மூட்டுவலி போயிற்று. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த கசாப்புக் கடைக்காரர் நடந்தே வீடு திரும்பினார். தேன் எடுத்தவர் புறங்கையை நக்காமல் விடுவாரா? அத்தர் கடைக்காரரும் நக்கினார். அவருக்கு மட்டும் கசந்தது.

மூன்றாம் வருடம் அவருக்கு அலுத்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எழுந்து நின்று, "நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். மோதினார் மைக்கை அணைத்தார்.

"உண்மையைச் சொன்னா அதுங்க பறந்துடும். அப்புறம் என் முட்டிக்கு யாரு பதில் சொல்றது? பேசாம உக்காருங்க."

"அவரைப் பேச விடுங்கய்யா! என் வீடுய்யா அது!" என்று கடைசி வரிசையிலிருந்து தம்பி கத்தினார். கசாப்புக் கடைக்காரர் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். தொழுகிறவர்களாம், நோன்பு வைக்கிறவர்களாம்! ஒருவர்கூடத் தடுக்க எழவில்லை. தம்பி அந்த ஊருக்குத் துணி தைப்பதை அன்றோடு நிறுத்தினார்.

இரண்டு மாதம் கழித்து அவர் மகளுக்கு வயிறு போக ஆரம்பித்தது. குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், பிறகு கையைப் பிசைந்தார்கள். ஐந்தாம் நாள் மனைவி கிண்ணத்தை அவர் கையில் திணித்தாள். "உங்க வீம்புக்காக என் புள்ளையை நான் கபுருக்குழிக்கா குடுக்கணும்? போங்க."

தேன் வாங்கும் வரிசையில் தம்பியைக் கண்டதும் அத்தர் கடைக்காரர் அழுதேவிட்டார். "தம்பி, என்னால தாங்க முடியலப்பா. வர்ற வெள்ளிக்கிழமை எவன் தடுத்தாலும் சொல்லிடறேன். பாதி வீடு உன்..."

தம்பி அவர் வாயைப் பொத்தினார். "சொன்னீங்க, கொன்னு போட்டுருவேன். ஊத்துங்க."

மகள் மூன்று நாளில் எழுந்து ஓடினாள். மாதம் ஒருமுறை வயிற்றுப்போக்கு திரும்புகிறது. ஒரு கரண்டித் தேனில் அடங்குகிறது. அவர்கள் இன்னும் அந்த ஜன்னல் இல்லாத அறையில்தான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் தம்பி சீக்கிரமே வந்து அண்ணனை ஒட்டி இடம் பிடித்துவிடுகிறார். அண்ணன் பேச எழுந்தால், மோதினார் மைக்கைத் தொடுவதற்குள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பது அவர்தான்.