பாப்பா, விடு!

“விடுங்க,” என்றார் டிரைவர் அக்கா.

பாப்பா விட்டாள், ஆனால் அம்பை அல்ல. நாணை இழுத்துப் பிடித்திருந்த மூன்று விரலும் நாணோடு சேர்ந்தே மெல்ல முன்னால் போயின. வில் தாழ்ந்தது, தோள் தொங்கியது. அம்பு மட்டும் பூட்டின இடத்திலேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

வரிசையில் பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரர், “அம்புக்கு உங்க வில்ல விட்டுப் போக மனசே வரல போல,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். வேறென்ன செய்வது? சிரிக்கிறவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டால் பாதி வலி தெரியாது. அந்தக் கலையில் அவள் என்றைக்கோ தேறிவிட்டாள்.

பாப்பா என்றதும் இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் போகிற பெண் என்று நினைத்துவிடாதீர்கள். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. காதோரம் நரை வந்து, கண்ணாடி போட்டு, முழங்காலில் கொஞ்சம் வாயுவும் வந்தாயிற்று. வீட்டுக்குக் கடைசியாகப் பிறந்த குற்றத்துக்கு இன்றுவரை பாப்பாதான்.

அவளுக்கு வேலை அண்ணன் கடையில். படங்களுக்குச் சட்டம் போடும் கடை. கீழே கடை, மேலே வீடு, நடுவில் ஒரு படிக்கட்டு. காலையில் அந்தப் படியில் இறங்கி ஷட்டரைத் தூக்குவாள், சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு அதே படியில் ஏறுவாள். நடுவில் கண்ணாடியில் வைரமுனையால் ஒரே இழுப்பாகக் கோடு கீறி, மேசை விளிம்பில் வைத்து டக்கென்று உடைப்பாள். மரத்தின் முனைகளைச் சாய்வாக அறுத்து, பசை தடவி, மூலை சேர்த்து, ஆணி அடித்து, பின்பக்கம் காக்கித்தாள் ஒட்டுவாள். அடுத்தவர் கல்யாணம், அடுத்தவர் பட்டம், அடுத்தவர் பிள்ளையின் முதல் பல் எல்லாம் அவள் கையால்தான் கண்ணாடிக்குள்ளே போகும். அந்தக் கடையில் சட்டம் அடிக்கிறவள் அவள், சட்டம் போடுகிறவர் அண்ணன்.

அண்ணனைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அதுதானே இங்கே சங்கடமே! கெட்டவராக இருந்திருந்தால் ஒரு நாள் வாய்விட்டுச் சண்டை போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கியிருக்கலாம். இவரோ, அவளுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து ஈரத்துணி போடுகிறவர். தனக்குச் செருப்பு வாங்கினால் அவளுக்கும் ஒரு ஜோடி, அளவு கேட்காமலே சரியாக வாங்கி வருகிறவர். அவள் தனக்கென்று எதையாவது ஆசைப்பட்டால் மட்டும் தலையைத் தடவி “விடு பாப்பா” என்பார். அன்பாகக் கட்டிய கயிற்றில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது லேசா என்ன?

அந்தச் சொல் அவளோடு கூடவே பிறந்தது. விளையாட்டுச் சாமானை அண்ணன் பிடுங்கிக்கொண்டால் அம்மா சொல்வாள், “விடும்மா, அண்ணன்தானே.” வெளியூர்க் கல்லூரியில் படம் வரையப் படிக்க இடம் கிடைத்தபோது அப்பா சொன்னார், “அவ்வளவு தூரம் எதுக்கு, விடு.” பார்க்க வந்த பையனை அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் பிடித்திருந்தது. பெரியவர்களுக்குள் ஏதோ வார்த்தை தடித்தது. அண்ணன் வந்து, “விடு பாப்பா, இதவிட நல்ல இடமா பாப்போம்,” என்றார். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நல்ல இடம் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. விட்டு விட்டே வளர்ந்த கைக்கு எதையாவது பிடித்துக்கொள்வது எப்படி என்பதே மறந்துபோயிற்று.

வில் அவள் வாழ்க்கையில் வந்தது தற்செயலாகத்தான். வில்வித்தைச் சங்கத்தார் ஒரு குழுப் புகைப்படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடை கிடையாது என்பதால், அவளே அதைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனாள். பழைய கிடங்கு ஒன்றுக்குப் பின்னால் மதில் சூழ்ந்த புல்தரை. கோடியில் வைக்கோலை இறுக்கிக் கட்டிய இலக்குகள், அவற்றின்மேல் வட்டம் வட்டமாய் நிறம் தீட்டிய காகிதம். இந்தப் பக்கம் சுண்ணாம்புக் கோடு. கோட்டில் நின்றவர்கள் கையில் வெறும் மரவில். குறி பார்க்கக் கருவியோ கம்பியோ எதுவும் இல்லை.

அங்கே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் நகரப் பேருந்து ஓட்டும் பெண்மணி. அவருக்கும் ஏறக்குறைய பாப்பாவின் வயதுதான். இருவரும் ஒருவரை ஒருவர் அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. நாள் முழுக்கப் பாப்பா என்றே கேட்ட காதுக்கு அந்த அக்கா எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா!

“வந்ததுதான் வந்தீங்க, ஒரு அம்பு போட்டுப் பாருங்களேன்,” என்றார் டிரைவர் அக்கா. “ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. அம்பு இல்லாம வெறும் நாணை இழுத்து அடிக்காதீங்க, வில்லு உடைஞ்சிரும். மத்தபடி உங்க இஷ்டம்.”

உங்க இஷ்டம்! அதைச் சொல்லி அவளிடம் ஒருவர் எதையாவது கொடுத்து எத்தனை காலமாயிற்று. இலக்குக்கு மிக அருகில் நின்று, எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் இழுத்தாள். நாண் கையை விட்டுத் தெறித்து முன்கையின் உள்பக்கத்தில் சுளீரென்று அறைந்தது. அம்பு இலக்கைச் சட்டை பண்ணாமல் புல்லுக்குள் போய்ப் புகுந்துகொண்டது. “கோணல் அம்பு,” என்று அவள் முணுமுணுக்க, மருந்துக்கடைக்காரர், “எய்தவர் இருக்க அம்பை நொந்து என்ன பண்றது?” என்றார். கை எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அத்தனையோடும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தன் கையிலிருந்து ஒன்று கிளம்பிப் போயிற்று, யாரும் அதைத் திரும்பி வா என்று கூப்பிடவில்லை.

வீட்டில் அந்த முன்கை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. “வில்லு எடுத்தா வில்லங்கம்தான் வரும்,” என்றாள் அண்ணி. அண்ணன் தைலம் தேய்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே, “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு, விடு,” என்றார்.  ஆனால் அவள் அடுத்த ஞாயிறும் போனாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே ஆச்சரியம்.

“உரல்ல தலைய விட்டாச்சு, உலக்கைக்குப் பயந்தா ஆகுமா?” என்று டிரைவர் அக்கா அவள் முன்கையில் தோல் காப்பைக் கட்டி, முறையாகக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். காலை அகட்டி நில்லுங்க. விரலை வாயோரத்துல கொண்டுவந்து நிறுத்துங்க, ஒவ்வொரு தடவையும் அதே இடம். தோளை ஏத்தாதீங்க. மூச்சப் பிடிக்காதீங்க. எல்லாவற்றையும் பாப்பா ஒரே சொல்லில் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி வெட்டுகிற கைக்கு நிதானம் சொல்லித் தரவேண்டுமா? கடைசியில் அக்கா, “ஆங், விடுங்க,” என்பார். உடனே வில் இறங்கிவிடும்.

ஒரு தடவை என்றால் பரவாயில்லை, ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. “பயமா அக்கா?” என்று கேட்டார்கள். பயமில்லை. “கை வலிக்குதா?” வலியும் இல்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும், எய்யாத அம்புகளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியேறினாள்.

இந்த லட்சணத்தில்தான் அண்ணன் சாப்பாட்டு வேளையில் அந்த நல்ல சேதியைச் சொன்னார். புதிதாகக் கட்டிய ஓட்டலில் ஒவ்வோர் அறைக்கும் படம் மாட்ட வேண்டுமாம், எல்லாச் சட்டமும் நம் கடையில்தானாம்.

“இனிமே ஞாயித்துக்கிழமையும் முழு நாள் கடை,” என்றார். “அடுத்த வாரத்துலேர்ந்து. நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் ஒத்துக்கிட்டேன் பாப்பா.”

“ஞாயித்துக்கிழமை நான்...” என்று ஆரம்பித்தாள்.

“அட, அந்த வில்லா? அத விடு,” என்றார் அண்ணன், அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோற்றைப் போட்டபடி.

“ம்,” என்றாள் பாப்பா. தொண்டைவரை வந்த சொல்லைச் சோற்றோடு மென்று விழுங்கினாள். படுத்த பிறகு அது உள்ளே கல்லாய்க் கிடந்தது. வாரம் முழுக்க ஷட்டர், படிக்கட்டு, ஷட்டர், படிக்கட்டு. அதில் மூச்சு விட இருந்த ஒரே சந்தும் அடைபடப் போகிறது. அதை அடைக்கிறவரும் அவள் தட்டில் சோறு போடுகிறவர்தான். யாரிடம் போய் முறையிடுவாள்?

கடைசி ஞாயிறு வந்தது. “அடுத்த வாரத்துலேர்ந்து வரமுடியாதுக்கா,” என்று டிரைவர் அக்காவிடம் சொல்லிவிட்டுக் கோட்டில் போய் நின்றாள். ஒரே ஓர் அம்பாவது அந்த வைக்கோலில் குத்தி நிற்கவேண்டும். அது நடக்காமல் போய்விட்டால், பிறகு சாகிறவரை சட்டத்துக்குள்ளேதான் என்று மனசுக்குள் ஏதோ சொன்னது. இழுத்தாள், விரல் வாயோரத்தில் வந்து நின்றது.

“விடுங்க.”

வில் இறங்கியது. பாப்பாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ஏன்க்கா இறக்குறீங்க?” டிரைவர் அக்காவுக்கே பொறுமை போய்விட்டது.

“நீங்கதானே விடச் சொல்றீங்க!”

“அம்பைத்தானே விடச் சொன்னேன்!”

பாப்பா அவரையே பார்த்தாள். பிறகு, முதல் தடவையாகக் கேட்பதுபோல் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

“எங்க வீட்ல விடுன்னா, கையில இருக்கறதக் கீழ வெச்சிருன்னு அர்த்தம்க்கா,” என்றாள்.

மருந்துக்கடைக்காரர் சிரிக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.  டிரைவர் அக்கா, “சரி. நான் வாயே தொறக்கல. உங்களுக்கு எப்போ தோணுதோ, அப்போ,” என்று பின்னால் நகர்ந்துகொண்டார்.

அது இன்னும் மோசமாகப் போயிற்று. இழுத்துப் பிடித்து நிற்கிறாள், சொல்ல ஆளில்லை. எப்போது என்று இதுவரை யாராவது ஒருவர் சொல்லித்தானே அவளுக்குப் பழக்கம்? தோள் நடுங்கத் தொடங்கியது. விரல் நோகிறது, முதுகு எரிகிறது. விடவும் முடியவில்லை, இறக்கவும் மனசில்லை. வில்லுக்கும் இழுத்த நாணுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, மதிலோடு மதிலாக நின்றுவிடுவோமோ என்று பயந்தாள். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது.

“பாப்பா!”

வாசல் பக்கமிருந்து அண்ணன் குரல். “ஓட்டல்காரர் கடைக்கு வந்து உக்காந்திருக்காரு, மாதிரிச் சட்டம் பாக்கணுமாம். போதும் விளையாட்டு. விடு, வா!”

விடு!

விட்டாள்.

நாண் அதிர்ந்தது. காப்பு இருந்ததால் கையில் அடி விழவில்லை. எதிரே தொம் என்று ஒரு சத்தம். அம்பு நடு வட்டத்திலெல்லாம் இல்லை. காகிதத்தின் ஓரமாக, இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் வெளியே போயிருக்கும். ஆனாலும் வைக்கோலில் ஆழக் குத்திக்கொண்டு, வால் ஆடியபடி நின்றது.

“அடி சக்கை!” என்று கத்தினார் மருந்துக்கடைக்காரர்.

அண்ணன் கோடுவரை வந்துவிட்டார். “எத்தன தடவ கூப்பிடுறது? அதான் விடுன்னு சொன்னேன்ல?”

“நீ சொன்னதாலதான்ணா விட்டேன்,” என்றாள் பாப்பா. சொல்லும்போதே சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. “வாழ்க்கையில முதல் தடவையா சரியா விட்டிருக்கேன்.”

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தார், பிடித்து இழுத்துப்போகிற பழக்கம்தான். “சரி சரி, வா, ஆள் காத்திருக்காரு.”

“கைய விடுண்ணா.”

அவள் சத்தம் போடவில்லை. கண்ணாடி வெட்டும்போது பக்கத்தில் இருப்பவரை நகரச் சொல்லும் குரல் அது. அந்தக் குரலைக் கடையில் அவர் தினமும் கேட்டிருக்கிறார், கேட்டதும் நகரவும் செய்வார். இப்போதும் அவர் விரல்கள் தானாக விலகின.

“ஓட்டல்காரர் காத்திருக்கட்டும், இல்லாட்டி நாளைக்கு வரட்டும். சட்டமெல்லாம் நான்தான் போடுவேன், வார நாள்ல போடுவேன். ஞாயித்துக்கிழமை நான் வரமாட்டேன்ணா. அடுத்த வாரமும் வரமாட்டேன், அதுக்கு அடுத்த வாரமும் வரமாட்டேன்.”

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் கோபமும் பயமும் மாறி மாறி வந்தன. இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான், அதையே எடுத்தார்.

“என்ன பாப்பா இது, எல்லார் முன்னாடியும்... விடு, வீட்ல போய்ப் பேசிக்கலாம். விடும்மா.”

பாப்பா இன்னோர் அம்பை எடுத்து நாணில் பூட்டினாள்.

“விடத்தான் போறேன்ணா,” என்றாள். “நீ கோட்டுக்குப் பின்னாடி தள்ளி நில்லு.”