மெத்தில் எங்கே உட்கார்ந்தது

கும்மிடிப்பூண்டியில் ஒரு மருந்து மூலப்பொருள் கம்பெனி. ராபின் அங்கே மாடி லேபில் புது மூலக்கூறுகளைச் செய்பவன். அவன் மனைவி மோனிகா கீழ்த்தளத்தில், மூலக்கூறில் எந்த அணு எங்கே இருக்கிறது என்று படம் எடுத்துக் காட்டும் என்.எம்.ஆர். மெஷினைப் பார்த்துக்கொள்பவள். கவரைப்பேட்டையிலிருந்து இருவரும் ஒரே பைக்கில் வருவார்கள்.

கோடை முழுக்கப் போராடி ராபின் ஒரு வெள்ளைப் பொடியைச் செய்து முடித்தான். அதன் ஹைட்ரஜன் படம் ஏறக்குறைய சரியாகவே இருந்தது. மானேஜர் வசந்தகுமார் உடனே வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சேதி சொல்லி, எல்லோருக்கும் பிரியாணிக்கு ஆர்டர் கொடுத்தார்.

மோனிகா வழக்கம்போல இருபரிமாணப் படமும் எடுத்தாள். அதில் ஒரு பக்கம் ஹைட்ரஜன், இன்னொரு பக்கம் கார்பன். ஒட்டியிருக்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு புள்ளி விழும். வாடிக்கையாளர் கேட்டபடி மெத்தில் என்ற சிறு அணுக்கூட்டம் ஆக்சிஜனில் இருந்தால், அதன் புள்ளி கார்பன் அளவுகோலில் ஐம்பத்துமூன்று பக்கம் வரவேண்டும். புள்ளி முப்பத்தேழில் கிடந்தது. மெத்தில் பக்கத்து நைட்ரஜனில் உட்கார்ந்திருந்தது.

ராபினுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் கீழ வாங்க."

"பிரியாணி வந்துட்ச்சா?"

"மெத்தில் நைட்ரஜன்ல கீது."

அவன் வந்து திரையை வெகுநேரம் பார்த்தான். "இன்னொரு வாட்டி போடு."

போட்டாள். புள்ளி நகரவில்லை.

"இத ஊட்ல சொல்லக்கூடாதா?"

"ஊட்ல மெஷின் இல்ல."

"திங்கக்கெழம ரிப்போர்ட் குடுத்தா இன்னா?"

மோனிகா படத்தை அச்செடுத்து அவனிடம் நீட்டினாள். ராபின் எழுந்து, தானே போய் வசந்தகுமாரிடம் சொன்னான்.

"பிரியாணி வந்துட்ச்சேப்பா" என்றார் அவர். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெளிநாட்டுக்குப் போன் பேசினார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் பைக்கில் பாதி வழி வந்திருந்தார்கள்.

"கோவமா?" என்றாள்.

"சில்வர் கார்பனேட் போட்டா ஆக்சிஜன்ல ஒக்காருமான்னு யோசிச்சிக்கினு கீறேன்."

மழைக்காலத்தில் மெத்தில் ஆக்சிஜனில் உட்கார்ந்தது. படத்தை எடுத்துக்கொண்டு மோனிகாவே மாடி ஏறினாள். ராபின் தொட்டியில் குடுவை கழுவிக்கொண்டிருந்தான். புள்ளியைப் பார்த்தான். கை ஈரமாக இருந்ததால் அவள் நெற்றியில் தன் நெற்றியால் லேசாக முட்டினான். லேபில் இருந்தவர்கள் அவரவர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டார்கள்.